முதல் குழந்தைக்கு ஸ்ட்ரோலர் தேர்ந்தெடுப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

கடையின் பளிங்குத் தரையில் எந்தக் குழந்தை வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். ஒற்றை விரலால் தள்ளிக் காட்டும் விற்பனையாளர் மேல் குற்றமில்லை. அந்தத் தரை அப்படி. அதே வண்டி திருநெல்வேலி டவுனில் ஒரு முடுக்குக்குள் நுழைந்து, ஆடிக்கொண்டிருக்கும் வாறுகால் (சாக்கடை) மூடியின் மேல் ஏறி, மூன்று படியுள்ள வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் அதன் குணம் தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி வண்டியிலிருந்து தொடங்காமல் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறது. வாசல், தெரு, தள்ளப்போகிறவரின் கை ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், அங்கே நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் தாமாகவே விலகிவிடும்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொண்டு மேலே போகலாம். நம் கடைகளில் பிராம், ஸ்ட்ரோலர், பேபி வண்டி என்ற மூன்றையும் ஒரே பொருளில் சொல்கிறார்கள். உண்மையில் பிராம் என்பது பச்சைக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும் தட்டையான தொட்டிலுக்குச் சக்கரம் வைத்தது. ஸ்ட்ரோலர் என்பது சாய்மானத்தை மாற்றக்கூடிய இருக்கை. குடைக் கைப்பிடி போன்ற இரண்டு பிடிகளோடு, மடக்கினால் நீளமான கட்டாகச் சுருங்கும் எடை குறைந்த வகையைக் குடை மடிப்பு வண்டி என்று சொல்லலாம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர், கனமான வண்டியோடு பயணம் செய்து பட்ட பாட்டைத் தம் மகள் சொல்லக் கேட்டு, 1965-இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு இந்தக் குடை மடிப்பு வண்டியை வடிவமைத்தார். இவை தவிர, கைக்குழந்தைக்கான கார் இருக்கையையும் அதே சட்டத்தின் மேல் பொருத்திக்கொள்ளும் டிராவல் சிஸ்டம் என்ற வகையும் உண்டு.

எப்போது வாங்குவது?

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வீடுகளில் இன்றும் நிற்கும் வழக்கம். இந்த விஷயத்தில் அந்த வழக்கத்தோடு சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போன பெண் பெரும்பாலும் பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். முதல் நாற்பது நாள் குழந்தையை வெளியே எடுப்பதுமில்லை. அந்த நாட்களில் சேலைத் தொட்டிலும் ஆச்சியின் மடியும் செய்யும் வேலையை எந்த வண்டியாலும் செய்ய முடியாது. எனவே எட்டாம் மாதத்தில் நிதானமாகக் கடைகளைப் பார்த்து, அளவெடுத்து, மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். பணத்தைப் பிள்ளை பிறந்த பிறகு கொடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் போக்குவரத்து முழுவதும் டவுன் பஸ்ஸிலும் இருசக்கர வாகனத்திலும்தான், வீடு ஒரு வளவுக்குள் உள்ளடங்கி இருக்கிறது, தெருவில் நடைபாதை இல்லை என்றால், உங்களுக்கு ஸ்ட்ரோலர் தேவைப்படாமலே போகலாம். குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டும் நல்ல கேரியர் ஒன்று பாதிச் செலவில் உங்களுக்கு உதவும். வாங்கிய மூன்றாம் மாதமே மச்சில் ஏறி, நெல் மூட்டைக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவில் பிளாஸ்டிக் உறை போர்த்தி நிற்கும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் வீட்டுப் படி

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருவிலிருந்து உள்ளே வாருங்கள். கம்பிக் கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் எவ்வளவு அகலம் கிடைக்கிறது, தலைவாசல் நிலையின் உள் அகலம் எவ்வளவு, படிகள் எத்தனை, அவற்றின் உயரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். டவுனிலும் பாளையங்கோட்டையின் பழைய தெருக்களிலும் வீடுகள் அகலம் குறைந்து, தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு என்று நீளவாக்கில் உள்ளே போகும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி இருக்கும். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். தார்சாவிலேயே நிறுத்த இடமுண்டு என்றால் கொஞ்சம் கனமான வண்டியும் சரிதான். மாடி வீடென்றால் எடைதான் முதல் நிபந்தனை. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய் முதல் சில வாரங்களுக்குத் தன் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் முதல் பிள்ளைக்கு வாங்கிய வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. பின் சக்கரங்களின் வெளி அகலம் 61 சென்டிமீட்டர். எங்கள் கம்பிக் கதவின் திறப்பு 58. மூன்று சென்டிமீட்டருக்காக, குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் துருப்பிடித்த இரண்டாம் கதவின் தாழ்ப்பாளைக் கல்லால் தட்டித் திறந்தோம். குடை மடிப்பு வண்டிகள் பெரும்பாலும் 45 முதல் 50 சென்டிமீட்டர் அகலத்துக்குள்ளும், முழு அளவு வண்டிகள் 50 முதல் 62 வரையிலும் இருக்கும். இருக்கையின் அகலத்தைச் சொல்லிச் சமாளிப்பார்கள். நீங்கள் பின் சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து பாருங்கள்.

தாய்வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வாசலையும் அளந்துகொள்வது நல்லது. வண்டி இரண்டு இடத்துக்கும் போய்வரும். கார் இருந்தால் டிக்கியின் அகலத்தையும் ஆழத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்கள், ஆட்டோவின் பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள இடத்தில் மடித்த வண்டி நிற்குமா என்று ஒருமுறை பழகிய ஆட்டோக்காரரிடம் கேட்டு அளந்துவிட்டால் போதும்.

இரண்டாம் படி: எங்கே, யார் தள்ளப்போகிறார்கள்?

கடந்த ஒரு மாதத்தில் வீட்டிலிருந்து எங்கெல்லாம் போனீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரப்போகும் மாதங்களைப் பற்றிய கற்பனையைவிட இந்தத் தாள் உண்மையைச் சொல்லும். பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் போன்ற பகுதிகளில் குடியிருப்பவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் வண்டி தள்ள அகலமான தெருக்கள் உண்டு. கொக்கிரகுளத்து அறிவியல் மையம் போன்ற வளாகங்களில் தளமும் சமமாக இருக்கும். டவுன் ரத வீதிகளில் மாலைக் கூட்டத்தில் குழந்தை வண்டி ஒரு இடைஞ்சல்தான். இருசக்கர வாகனங்களின் புகைக்குழாய் மட்டத்தில் குழந்தையின் முகம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நெல்லையப்பர் கோயிலுக்குப் போகும்போது, உயரமான கல் நிலைப்படிகளுக்கும் நீண்ட பிராகாரங்களுக்கும் இடுப்புதான் சரியான வாகனம். குற்றாலத்தில் சாரல் காலத்து வழுக்கும் படிகளுக்கு அருகில் வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. திருச்செந்தூர்க் கடற்கரை மணலிலும் உவரி மணலிலும் எந்தச் சக்கரமும் புதையும். அங்கே வண்டியைத் தள்ளாமல், திருப்பிப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போனால் ஓரளவு நகரும்.

சென்னைக்கு அடிக்கடி ரயிலில் போய்வருபவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸிலும், 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத்திலும் ஏறுவதை நினைத்துப் பார்க்க வேண்டும். வழியில் உள்ள நிலையத்தில் இறங்கினால், ரயில் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி, தோளில் பை என்ற நிலையில் வாசலைக் கடக்க முடிய வேண்டும். ஏழு கிலோவுக்குக் குறைந்த, மடித்தால் தானாக நிற்கும் வண்டி அங்கே கைகொடுக்கும்.

அடுத்தது தள்ளும் ஆள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஆச்சியும் தாத்தாவும்தான். எங்கள் ஆச்சி வண்டியை முதல் தடவை பார்த்தபோது, “ஏல, பச்சப்பிள்ளைய வச்சு உருட்டுததுக்கு இது என்ன நெல்லு மூட்டையா?” என்று கேட்டாள். ஒரு மாதத்தில், மாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கச் சொல்லி அவளே அவசரப்படுத்தினாள். ஆனால் மூட்டுவலி கண்ட அவளுடைய கட்டைவிரலால் இடுப்புவார்க் கொக்கியின் சிவப்புப் பொத்தானை அழுத்தவே முடியவில்லை. யாராவது வந்து கழற்றும்வரை குழந்தை வண்டியிலேயே இருந்து அழும். குழந்தையின் விரலுக்குத் திறக்காத கொக்கி, ஆச்சியின் விரலுக்குத் திறக்க வேண்டும். ஆகவே தள்ளப்போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போய்த் திறந்து மூட வையுங்கள். கைப்பிடி அவருடைய தொப்புள் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் இடையில் வந்தால் முதுகு வளையாமல் தள்ளலாம்.

மூன்றாம் படி: சக்கரம்

வண்டியின் விலையில் பெரும்பகுதி துணியிலும் நிறத்திலும் தெரியும். அதன் ஆயுளில் பெரும்பகுதி சக்கரத்தில் இருக்கிறது. விட்டம் சிறுத்த சக்கரம் சின்னப் பள்ளத்திலும் முழுதாக இறங்கிவிடும். அதை மேலே ஏற்ற அதிக விசை வேண்டும், அந்த அதிர்வு முழுவதும் குழந்தையின் கழுத்துக்குப் போகும். ஐந்து அங்குலச் சக்கரம் வணிக வளாகத்துக்குப் போதும். சிமெண்ட் சாலையின் இணைப்பு விரிசல், இன்டர்லாக் கற்களின் இடைவெளி, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மேடு ஆகியவற்றைக் கடக்க வேண்டிய தெருவுக்கு முன் சக்கரம் குறைந்தது ஆறரை அங்குலமும் பின் சக்கரம் அதைவிடப் பெரிதாகவும் இருப்பது நல்லது.

டயரின் பொருளைப் பாருங்கள். முழு பிளாஸ்டிக் சக்கரம் மலிவு. ஆனால் கற்சாலையில் கடகடவென்று ஓசையிட்டுத் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடும். காற்றடைத்த ரப்பர் டயர் சொகுசில் முதலிடம் பெறும். நகரத்துக்கு வெளியே, சாலையோரமெங்கும் உடைமரம் என்னும் முள்மரம் மண்டிய நம் ஊர்களிலோ ஒரு உடைமுள் போதும், வண்டி நின்றுவிடும். அந்த அளவு டியூப் பக்கத்துச் சைக்கிள் கடையில் கிடைக்குமா என்பதைக் கேட்காமல் காற்று டயர் வண்டியை வாங்காதீர்கள். என் தேர்வு, ஈ.வி.ஏ. என்னும் அடர் நுரையிலோ பாலியூரித்தேனிலோ செய்த, பஞ்சர் ஆகாத டயர்தான். அதோடு முன் சக்கரத்துக்கு மேல் சுருள்வில் இருந்தால், அது உண்மையான வில்லா, பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் மூடியா என்று கைப்பிடியை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன் சக்கரங்கள் எல்லாத் திசையிலும் சுழல வேண்டும். அதே சமயம் நேராகப் பூட்டும் வசதியும் வேண்டும். கரடுமுரடான இடத்தில் சுழலும் சக்கரம் குறுக்கே திரும்பிக் கல்லில் முட்டி, வண்டி சட்டென்று நிற்கும். வேகமாகத் தள்ளுபவர் வண்டியின் மேலேயே சாய்ந்துவிடுவார். பூட்டிவிட்டால் அது நடக்காது.

நடுத்தர விலையில் கிடைக்கும் பல வண்டிகளில் கைப்பிடியை மறுபுறம் மாற்றி, குழந்தையின் முகம் நம்மைப் பார்க்கும்படி தள்ளலாம் என்று சிறப்பாகச் சொல்வார்கள். முதல் ஆறு மாதத்துக்குக் குழந்தையின் முகம் தெரிவது மிக அவசியம். மூச்சு, வாந்தி, வியர்வை எல்லாம் கண்ணில் படும். ஆனால் கைப்பிடியை மாற்றும்போது சுழலும் சக்கரங்கள் தள்ளுபவரின் பக்கம் வந்துவிடுகின்றன; திருப்பங்களில் வண்டி அடம்பிடிக்கும், பிரேக் மிதியும் எட்டாத இடத்துக்குப் போய்விடும். கைப்பிடிக்குப் பதிலாக இருக்கையே கழன்று திரும்பும் வண்டிக்கு இந்தக் குறை இல்லை, விலைதான் கூடுதல். எதை வாங்கினாலும் இரண்டு நிலையிலும் தள்ளிப் பாருங்கள்.

நான்காம் படி: படுக்கையும் வாரும்

தலை நிற்காத குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தால் தலை முன்னே கவிழ்ந்து, தாடை மார்பில் படிந்து, மூச்சுப் பாதை குறுகும். அதனால்தான் ஐரோப்பியத் தர விதியான ஈ.என். 1888, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கான இருக்கையில் அடித்தட்டுக்கும் முதுகுச் சாய்வுக்கும் இடைப்பட்ட கோணம் குறைந்தது 150 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. கடையில் கோணமானி கேட்க முடியாது. இருக்கையை முழுவதும் சாய்த்துவிட்டு, முதுகுப்புறம் ஏறக்குறைய படுக்கையாகிறதா, இல்லை ஈசிச்சேர்போலப் பாதியில் நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பாதியில் நின்றால் அது பிள்ளை தானாக உட்காரத் தொடங்கிய பிறகுதான் உதவும். அட்டைப் பெட்டியில் ‘0 மாதம் முதல்’ என்று அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். டிராவல் சிஸ்டத்தின் கார் இருக்கையில் குழந்தை அரைச் சாய்வில்தான் இருக்கும். காரை விட்டு இறங்கிய பிறகும் அதிலேயே நெடுநேரம் தூங்க விடுவது கூடாது.

வார் ஐந்து முனை உடையதாக இருக்க வேண்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்புவார் மட்டும் உள்ள வண்டியில் குழந்தை கீழே வழுகி, வாரில் கழுத்து மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வாரைப் பூட்டிய பிறகு அதற்கும் குழந்தையின் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி. முன்னால் இருக்கும் கம்பியோ தட்டோ வாருக்கு மாற்றாகாது.

வீட்டுப் பெரியவர்கள் பழைய சேலையை எட்டாக மடித்தோ, சின்னத் தலையணை வைத்தோ, பத்தமடைப் பாய்த் துண்டு விரித்தோ இருக்கையை மெத்தென்று ஆக்கப் பார்ப்பார்கள். அன்பின் மிகுதியில் செய்வதுதான்; ஆனால் தடித்த விரிப்பு வாரின் பிடியைத் தளர்த்தும், தலையணை தலையை முன்னே தள்ளும். ஒற்றை மடிப்புப் பருத்தித் துணி போதும். அது வியர்வையையும் உறிஞ்சும்.

தாங்கும் எடையைப் பொறுத்தவரை, 15 கிலோ வரை என்று குறிப்பிட்ட வண்டி நம் பிள்ளைகளுக்குப் பொதுவாக மூன்று வயது தாண்டியும் உதவும். அதன் பிறகு எந்தப் பிள்ளையும் வண்டியில் உட்காராது.

ஐந்தாம் படி: கடையில் சோதிப்பது

ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வெற்று வண்டியைத் தள்ளிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. பையை இருக்கையில் கட்டி வைத்துவிட்டுத் தரையோடுகள் சேரும் நேர்க்கோட்டில் வண்டியை நிறுத்தி, மெல்லத் தள்ளிக் கையை எடுத்துவிடுங்கள். கோட்டிலேயே போனால் சட்டம் நேராக இருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அச்சு கோணல். அது பிறகு சரியாகாது. பழைய வண்டிக்கும் இதே சோதனைதான்.

பிரேக்கைச் செருப்புக் காலோடு போட்டு எடுங்கள். பல வண்டிகளில் பிரேக்கைப் போட மிதிக்க வேண்டும், எடுக்கப் பெருவிரலால் மேலே தூக்க வேண்டும். ஷூ போட்ட நாட்டுக்குச் செய்த அமைப்பு அது. ரப்பர்ச் செருப்போடும் வெறுங்காலோடும் தூக்கினால் நகக்கண் வலிக்கும், வலித்தால் மனிதர்கள் பிரேக் போடுவதையே விட்டுவிடுவார்கள். போடவும் எடுக்கவும் இரண்டுக்கும் மிதித்தால் போதும் என்கிற மிதி, அதுவும் ஒரே மிதியில் இரண்டு பின் சக்கரங்களையும் பூட்டுவது, நமக்கு ஏற்றது. கடை வாசலில் சரிவுப் பாதை இருந்தால் அரிசிப் பையோடு அங்கே நிறுத்திப் பாருங்கள்.

அடுத்து மடிப்பு. விற்பனையாளர் மடித்துக் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அவர் அதை ஒரு நாளைக்குப் பலமுறை செய்கிறவர். நீங்களே மூன்று முறை மடித்து விரியுங்கள். மூன்றாம் முறையும் திணறினால் பஸ் நிறுத்தத்தில் உங்களால் முடியாது. மடித்த வண்டி தானாக விரியாதபடி ஒரு பூட்டும், விரித்த வண்டி தானாக மடங்காதபடி இரண்டாவது பூட்டும் இருக்க வேண்டும். கீல் இருக்கும் இடங்களில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் கவனம். 2009-இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் வண்டிகளுக்குக் கீல் உறை வழங்கும் திரும்பப் பெறுதல் அறிவிக்கப்பட்டது, மடிப்புக் கீலில் குழந்தைகளின் விரல் நுனி துண்டான நிகழ்வுகளால்தான். விலை உயர்ந்த வண்டியானாலும் சரி, மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை எட்டாத தூரத்தில் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும்.

கோப்பை வைக்கும் வளையம், இசை பாடும் தட்டு, கால் உறை இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடியில் உள்ள பை மட்டும் பெரிதாக இருக்கட்டும். அது சின்னதாக இருந்தால் காய்கறி வாங்கிய வயர்க்கூடை கைப்பிடியில் ஏறும். குழந்தையை இறக்கிய மறுநொடி வண்டி பின்பக்கமாகக் கவிழும். குழந்தை உள்ளே இருக்கும்போதும் கவிழ்ந்த கதைகள் உண்டு.

ஆறாம் படி: வெயில், காற்று, கொசு

சித்திரை, வைகாசி வெயிலில் பாளையங்கோட்டைத் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை நம்மைவிடத் தரைக்கு அருகில் இருக்கிறது. அந்த அனல் முதலில் அதன் மேல்தான் படும். கறுப்பு, கருநீலத் துணிகளைத் தவிர்த்து வெளிர் நிறம் எடுங்கள். கூரை நெற்றிக்கு முன்வரை இறங்குவதாகவும், அதன் பின்புறத்திலோ பக்கத்திலோ காற்றுப் போக வலை வைத்ததாகவும் இருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியின் கொக்கியையும் வாரின் உலோகப் பகுதியையும் தொட்டுப் பார்க்காமல் பிள்ளையை வைக்காதீர்கள்.

வெயில் படுகிறதே என்று வண்டியின் முன்பக்கத்தைத் துண்டாலோ சேலை முந்தானையாலோ முழுக்க மூடுவது நம்மிடையே மிகச் சாதாரணம், அது தவறு. காற்றோட்டம் நின்று, உள்ளே வெப்பம் வெளியைவிடக் கூடிவிடும். குழந்தையின் முகமும் மறைந்துவிடும். சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் உலர்ந்த மெல்லிய துணி போர்த்திய வண்டிக்குள் சூடு ஏறியது. துணியை நனைத்து, சிறிய விசிறியும் சேர்த்தபோது குறைந்தது. எளிய வழி, காலையில் எட்டு மணிக்கு முன்னும் மாலையில் ஐந்து மணிக்குப் பின்னும் மட்டும் வண்டியை எடுப்பது.

ஆனால் அந்த நேரங்கள்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு மும்முரமாகக் கடிக்கும் நேரங்களும். எனவே வண்டி முழுவதையும் சுற்றி ரப்பர் நாடாவோடு இறுகும் வலை ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். வலை பிள்ளையின் முகத்தில் படியாமல் கூரையின் விளிம்பில் நிற்கிறதா என்று மாட்டிப் பாருங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைக் குழந்தை வண்டிக்கு நேரடிப் பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் அந்தக் காற்றுக்காகத்தான் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன. விரித்த கூரை பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் மிக எடை குறைந்த வண்டியை வாங்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும். ஒரு நிமிடம் நின்றாலும் பிரேக் போட்டு, கூரையை மடித்து, கைப்பிடியில் மணிக்கட்டுப் பட்டி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேவை. மழை விட்டதும் உடனே எடுத்துவிட வேண்டும், உள்ளே காற்று புகாது.

விலையும் பழைய வண்டியும்

இன்றைய நிலவரத்தில் எளிய குடை மடிப்பு வண்டி ஏறத்தாழ 3,000 ரூபாயிலிருந்தும், முழுச் சாய்வும் ஐந்து முனை வாரும் உள்ள நடுத்தர வண்டி 5,000 முதல் 10,000 வரையிலும், ஒரே கையில் மடங்கும் பயண வண்டிகளும் டிராவல் சிஸ்டமும் அதற்கு மேலும் கிடைக்கின்றன. நம் தெருக்களுக்கு நடுத்தர வகையே போதும் என்பது என் கணிப்பு; மிச்சப் பணத்தில் கார் வைத்திருப்பவர்கள் நல்ல கார் இருக்கை வாங்கலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் பாதுகாப்பு வாரோ இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். இருசக்கர வாகனத்திலும் 2023 பிப்ரவரி 15 முதல், 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு உடல்வாரும் தலைக்கவசமும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

இணையத்தில் வாங்கினால், கடையில் தொட்டுப் பார்த்த அதே மாதிரிதானா என்று மாதிரிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். உதிரிச் சக்கரம் தனியாகக் கிடைக்குமா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு பணம் கட்டுங்கள்.

மதினி கொடுத்த வண்டியோ, பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் வண்டியோ கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம், நான்கைந்து இடங்களைப் பார்த்த பிறகு. வாரின் தையல் பிரிந்திருக்கக் கூடாது, கொக்கி ‘டக்’கென்று விழ வேண்டும், பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், சட்டத்தில் ஒட்டவைத்த தடம் இருக்கக் கூடாது. கடலோர ஊரிலிருந்து வரும் வண்டியென்றால், குழாய்களின் உட்புறத்தில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, உதிர்ந்து விழுந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துணியைக் கழற்றித் துவைத்து, நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே மாட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் குழந்தையை வைக்காமல் அரிசிப் பையோடு தெருமுனை வரை இரண்டு நடை போய் வாருங்கள். படியில் ஏற்றும்போது வண்டியைத் திருப்பி, பெரிய பின் சக்கரங்கள் முதலில் ஏறும்படி இழுக்க வேண்டும். இறக்கும்போதும் பின் சக்கரங்களே முதலில் இறங்க வேண்டும், வண்டி உங்களை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு படிக்கு மேல் என்றால் குழந்தையை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெறும் வண்டியைத் தூக்குங்கள்.

சக்கரம் கிறீச்சிடத் தொடங்கினால் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடும். வேண்டாம். எண்ணெயில் செம்மண் புழுதி ஒட்டி, பத்தே நாளில் அச்சு பிசினாகிவிடும். சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியையும் நூலையும் ஊசியால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் பாதிச் சத்தம் போய்விடும். மீதிக்கு சிலிக்கோன் ஸ்பிரே கொஞ்சம். மாதம் ஒருமுறை, வாரின் நீளத்தையும் அதே கையோடு பார்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் சரியாக இருந்த தோள்வார் இந்த மாதம் பிள்ளைக்கு இறுகும்.